நாற்பத்தெட்டாம் வரி

சிங்காநல்லூர் பக்கம் அந்த அடுக்குமாடிக் குடியிருப்பில் மொத்தம் நூற்றுப்பன்னிரண்டு வீடுகள். எந்த வீட்டில் குக்கர் எத்தனை விசில் விட்டது என்று கேட்டால், பி பிளாக் வர்ஷினியக்கா யோசிக்காமல் பதில் சொல்வார். அறுபத்தொரு வயது. அவர் பிறந்த காலத்தில் பெண் குழந்தை என்றாலே வர்ஷினி, தர்ஷினி, ஹரிணி என்றுதான் பெயர் வைத்தார்கள். இப்போது அந்தப் பெயர்களைக் கேட்டால் ஜனங்களுக்கு முட்டிவலித் தைலம்தான் ஞாபகம் வருகிறது.

இயந்திரங்களுக்குள் ஓடும் நிரலைப் படித்துப் பார்த்து வழக்குகளில் முடிவு சொல்லும் வாசிப்போர் அவையிலிருந்து அவருக்குச் சம்மன் வந்தது. குலுக்கலில் விழுந்த பெயர், தப்பிக்க வழியில்லை. "அசெம்பிளி படிக்கக் கூப்ட்ருக்காங்க" என்று காலையில் ஏ பிளாக்கில் சொல்லிவைத்தார். மாலைக்குள் "வர்ஷினியக்கா அசெம்பிளிக்குப் போறாங்களாமா, எந்தக் கட்சி?" என்று சி பிளாக்கிலிருந்து திரும்பி வந்தது. தான் அனுப்பிய சேதியே முகம் மாறித் தன்னிடம் வந்து நின்றதில் அவருக்குக் கொஞ்சம் பெருமைதான்.

அவைக்கென்று சொந்தக் கட்டடம் கிடையாது. ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தை வாடகைக்குப் பிடித்திருந்தார்கள். நீள மேசைகள், அவற்றின் மேல் விரிக்கும் வெள்ளைத்தாள் சுருள்கள், ஓரத்தில் டீ மேடை. குலுக்கலில் விழுந்த ஆறு பேரும் பந்திக்கு உட்கார்ந்தது போல வரிசையாக உட்கார்ந்தார்கள். சொல்லிக்கொடுக்க வந்தவள் பெயர் பொன்னாத்தா. இருபத்தொன்பது வயது. பழைய பெயர்கள் மறுபடி மோஸ்தரான காலத்தில் பிறந்தவள். கழுத்தில் ஒன்றுமில்லை, கையில் ஒரு மோதிரம், அது நிச்சயதார்த்த மோதிரம் இல்லை. இவ்வளவும் முதல் ஐந்து நிமிடத்தில் வர்ஷினியக்கா சேகரித்தது.

பக்கத்தில் இருந்த கவின்ராஜ், வீட்டுக்கு வீடு சாப்பாடு கொண்டுபோகும் கம்பெனியில் மேற்பார்வை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"ஏனுங்க டீச்சர், இதத் தெரிஞ்ச ஆளுகளே ஊர்ல இல்லீங்களா? போயும் போயும் எங்களப் புடிச்சுட்டு வந்திருக்கீங்க."

"இருக்காங்கண்ணா. அத்தன பேரும் ஏதாவதொரு கம்பெனி சம்பளத்துல இருக்காங்க. அதான் சட்டம் வந்துச்சு, தெரிஞ்சவங்க படிக்கக் கூடாதுன்னு. தெரியாத ஆறு பேரு இருபது நாள்ல கத்துக்கிட்டு, பத்து நாள் படிச்சுப் பாத்து, தப்பு மனுசன் மேலயா எந்திரத்து மேலயான்னு சொல்லோணும்."

"எந்திரம் எழுதுனத இன்னொரு எந்திரத்த விட்டுப் படிக்கச் சொன்னா ஆச்சு."

"அண்ணன் எழுதுன பரிச்சைய தம்பி திருத்துனா எப்படிங்ணா இருக்கும்? ரெண்டும் ஒரே பட்டறைதான்." பொன்னாத்தா பலகையில் எழுத ஆரம்பித்தாள். "மேல இருக்கற மொழியெல்லாம் எந்திரங்க தங்களுக்குள்ள பேசிக்கறதுக்குப் பண்ணிக்கிட்டது. இன்னைக்கு இருக்கற மாதிரி நாளைக்கு இருக்காது. எத்தன மாடி கட்டுனாலும் அடியில இருக்கற சில்லுக்கு, அதான் சிப்புக்கு, தெரிஞ்சது ஒரு இருபது முப்பது சொல்லுதான். எடு, வை, கூட்டு, பாரு, போ. அதான் அசெம்பிளி. அந்த அடி வரைக்கும் எறங்கிட்டா, அங்க யாரும் பொய் சொல்ல முடியாது."

வழக்கு இதுதான். ஒரு மருத்துவமனையில், ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர் ஒருவருக்கு வலி மருந்தைச் சொட்டுச் சொட்டாக உடம்பில் ஏற்றும் சின்ன இயந்திரத்தைப் பொருத்தியிருந்தார்கள். மணிக்கு நான்கு அளவு. நாற்பது மணி நேரம் ஒழுங்காக ஓடியது. அடுத்த மணி நேரத்தில் மொத்தமாக மருந்து இறங்கி, மனிதர் தூக்கத்திலேயே போய்விட்டார். இயந்திரத்தின் பதிவைப் பார்த்தால் அளவு நாற்பத்தெட்டு. பொருத்திய நர்ஸ் சடையப்பன், வயது இருபத்தாறு. நாற்பதாம் மணி நேரத்தில் வந்து அளவை மறுபடி தட்டியபோது நான்கோடு எட்டிலும் விரல் பட்டுவிட்டது என்று அரசுத் தரப்பு சொன்னது. இயந்திரம் சுத்தம் என்று இந்த ஆறு பேரும் கையெழுத்துப் போட்டால் அவனுக்கு ஏழு வருடம் சிறை. ஜென்மத்துக்கும் ஒரு நோயாளியின் பக்கத்தில் போகக் கூடாது.

குற்றம் சாட்டப்பட்டவர் வாசிப்போரின் கண்ணெதிரே உட்கார்ந்திருக்க வேண்டும் என்பதும் சட்டம். எந்த முகத்துக்காகப் படிக்கிறோம் என்று மறந்துவிடக் கூடாதாம். சடையப்பன் கூடத்தின் கோடியில், கை கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். மதியம் டப்பாவைத் திறந்து தயிர்ச்சோறும் கடாரங்காய் ஊறுகாயும் தின்றான், தினமும் அதேதான். வர்ஷினியக்கா அன்று மாலை வீட்டுக்குத் திரும்பியதும் பி பிளாக் லிஃப்ட் வாசலிலேயே தீர்ப்பை அறிவித்துவிட்டார்.

"பையன் முழியே சரியில்ல. நிமிந்து பாக்க மாட்டேங்கறான். தப்புப் பண்ணாதவன் எதுக்கு ஊறுகாயப் பாத்துக்கிட்டே திங்கறான்?"

ராத்திரிச் சாப்பாட்டுக்குள் நூற்றுப்பன்னிரண்டு வீடுகளிலும் சடையப்பன் குற்றவாளியாகிவிட்டான்.

பாடம் என்று பார்த்தால், மற்ற ஐந்து பேரும் முதல் வாரம் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் எண்களைப் பார்த்தாலே கொட்டாவி விட்டார். வர்ஷினியக்காவுக்கு மட்டும் இரண்டாம் நாளே பிடிபட்டுவிட்டது. நினைவகம் என்பது என்ன? கதவு எண் போட்ட வீடுகள். சில்லு என்பது என்ன? அந்த வீடுகளுக்கு நடையாய் நடக்கும் ஒரு ஆள். கையில் ஏழெட்டுச் சாமானுக்கு மேல் கொள்ளாது. ஒவ்வொரு வரியும், அந்த ஆள் யார் வீட்டில் எதை எடுத்தான், எங்கே கொண்டுபோய் வைத்தான் என்பதுதான். நாற்பது வருடமாக அவர் வேறென்ன செய்துகொண்டிருந்தார்?

"மூணாம் நம்பர்ல இருந்தத எடுத்துக்கிட்டான். ஏழாம் நம்பர்ல இருந்தத அதோட கூட்டிக்கிட்டான். மறுபடி மூணுலயே வச்சுட்டு ஒண்ணுந் தெரியாத மாதிரி நிக்கறான். ஏழாம் நம்பர்க்காரங்களுக்குச் சேதியே தெரியாது" என்று அவர் ஒரு பயிற்சியை வாசித்துக் காட்டியபோது பொன்னாத்தா எழுதுவதை நிறுத்திவிட்டுத் திரும்பினாள்.

"அக்கா, நீங்க இதுக்கு முந்தி எங்கயாவது படிச்சிருக்கீங்களா? படிச்சிருந்தா சட்டப்படி உங்கள வெளிய அனுப்பணும்."

"நான் படிச்சதெல்லாம் அடுத்த வீட்டு விசயந்தான் டீச்சர். அதுக்குச் சட்டம் இருக்குங்களா?"

தகராறு எட்டாம் நாள் வந்தது. பொன்னாத்தா இரண்டு சொற்களைப் பலகையில் எழுதினாள். ஒன்று, 'போ'. குறிப்பிட்ட வரிக்குப் போய்விடும். வந்த இடத்தை மறந்துவிடும். இன்னொன்று, 'போய்வா'. போவதற்கு முன்னால், எந்த வரிக்குத் திரும்பி வரவேண்டும் என்று ஒரு சீட்டில் குறித்து அடுக்கில் வைத்துவிட்டுப் போகும். போன இடத்தில் 'திரும்பு' என்று இருந்தால், அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு வந்துசேரும். இதை வைத்து ஒரு பயிற்சி கொடுத்தாள்: மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி மோட்டாருக்கு ஒன்பது வரி. நிமிடத்துக்கு ஒரு தரம் தண்ணீர் அளவைப் பார்க்க வேண்டும். பார்த்து முடித்ததும் மறுபடி முதல் வரிக்குப் போக வேண்டும். கடைசி வரியில் 'போ 1' என்று எழுத வேண்டிய இடத்தில் ஆறு பேரும் 'போய்வா 1' என்று எழுதி வைத்திருந்தார்கள்.

"இங்க போய்வா வராதுங்க. மோட்டாரு எங்கயும் திரும்பி வரப்போறதில்ல. வெறும் போ தான்."

யாரும் பேனாவை எடுக்கவில்லை. கவின்ராஜ் தொண்டையைச் செருமினார். வர்ஷினியக்காதான் பேசினார்.

"ஏங்க டீச்சர், எழவு வீட்ல இருந்து கெளம்பறப்பத்தான் போய்ட்டு வரேன்னு சொல்ல மாட்டோம். நல்லா ஓடற மோட்டாருகிட்டப் போயி, அதும் குடிக்கற தண்ணி விடற மோட்டாரு, போன்னு எழுதச் சொல்றீங்களே. கை வருதுங்களா?"

"அக்கா, அதுக்குக் காதா இருக்கு?"

"அதுக்கு இல்லீங்க. எனக்கு இருக்குதே."

எல்லோரும் சிரித்தார்கள். பொன்னாத்தாவும் சிரித்துவிட்டாள். அவர்கள் எழுதியபடியே ஓட்டிப் பார்த்தாள். ஐந்தாறு சுற்று தடையில்லாமல் ஓடியது. "சரி, விடுங்க. சின்னப் பயிற்சிதான, ஒண்ணும் ஆகாது" என்று ஆறு நோட்டிலும் சரி போட்டாள். அன்றிலிருந்து அந்த வகுப்பில் யாரும் 'போ' என்ற சொல்லை எழுதவில்லை.

இருபது நாள் முடிந்தது. முத்திரை வைத்த கட்டுகள் வந்தன. மருந்து இயந்திரத்துக்குள் இருந்த மொத்த நிரலும் அதில் அச்சாகியிருந்தது, மூவாயிரத்தெண்ணூறு வரி. உயிர் சம்பந்தப்பட்ட இயந்திரங்களின் நிரலைச் சாமானியர் படிக்கும்படி எழுத வேண்டும் என்று சட்டம் இருந்ததால், எழுதிய இயந்திரம் நன்றாகவே எழுதியிருந்தது.

இனி பொன்னாத்தா அந்தக் கட்டைத் தொடக் கூடாது, பார்க்கக் கூடாது. பாடத்தில் சந்தேகம் என்றால் பாடம் நடத்தலாம். ஆதாரத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னாலும் அவை கலையும். புதிதாக ஆறு பேரைப் பிடித்து ஆரம்பிக்க இரண்டு வருடம் ஆகும். அதுவரை சடையப்பன் அந்த நாற்காலியிலேயே கிடக்க வேண்டியதுதான். அதனால் அவள் டீ மேடைப் பக்கம் போய், இவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

ஆளுக்கொரு பகுதியாகப் பிரித்துப் படித்தார்கள். எட்டு நாள். ஒரு தப்பும் அகப்படவில்லை. அளவு எண் ஓர் இடத்தில் வைக்கப்படுகிறது. சடையப்பன் தட்டினால் மட்டும் மாறுகிறது. வேறு எந்த வரியும் அந்த இடத்தைத் தொடவில்லை. எட்டாம் நாள் மாலை டீ மேடையில் தம்ளரை ஊதிக்கொண்டே கவின்ராஜ் சொன்னார்:

"நாம எழுதுன மாதிரியேதான் எழுதியிருக்குதுங்க. மருவாத தெரிஞ்ச எந்திரம். மூவாயிரத்தெண்ணூறு வரியில ஒரு இடத்துலகூட போன்னு இல்ல பாருங்க. அத்தனயும் போய்வா தான். நாளைக்குக் கையெழுத்துப் போட்டுட்டுக் கெளம்பிரலாம்."

பொன்னாத்தா தம்ளரை வாய்க்குக் கொண்டுபோனவள், பாதி வழியில் நிறுத்தினாள். ஒரு வாய் குடிக்காமல் கீழே வைத்தாள். யாரையும் பார்க்கவில்லை. மற்றவர்கள் கவனிக்கவில்லை; வர்ஷினியக்கா கவனிக்காமல் இருப்பாரா?

ஒன்பதாம் நாள் காலை அவை எழுத்தரிடம் ஒரு சீட்டு நீட்டினாள் பொன்னாத்தா. கையெழுத்துக்கு முன்னால் ஒரு மணி நேரம் பாடம் நடத்த வேண்டும். சட்டத்தில் இடமிருந்தது. எழுத்தர் ஒரு கொட்டாவியோடு முத்திரை குத்தினார்.

"உங்களுக்கு நான் ஒண்ணு தப்பாச் சரி போட்டுட்டேன்" என்று ஆரம்பித்தாள். குரல் கெட்டியாக இருந்தது. "எட்டாம் நாள் பண்ணுன தண்ணித் தொட்டிக் கணக்கு. அத இன்னைக்குக் கையால ஓட்டிப் பாக்கலாம்."

மேசை மேல் வெள்ளைத்தாளை விரித்துக் கட்டம் கட்டமாகக் கோடு போட்டாள். இந்தக் கோடியில் சீட்டு அடுக்கு ஆரம்பம். அதிலிருந்து பதின்மூன்றாம் கட்டத்தில் 'தண்ணீர் அளவு 5' என்று எழுதினாள். கவின்ராஜ் வரிகளை வாசிக்க வேண்டும். வர்ஷினியக்காதான் சில்லு, சொன்னதை மட்டும் செய்ய வேண்டும், சொந்தமாக ஒன்றும் யோசிக்கக் கூடாது.

"அது கொஞ்சம் கஷ்டங்க" என்றார் அக்கா.

முதல் சுற்று. ஒன்பதாம் வரி, போய்வா 1. திரும்பி வரவேண்டிய வரி பத்து என்று ஒரு சீட்டில் எழுதி முதல் கட்டத்தில் வைத்தார். இரண்டாம் சுற்று, இன்னொரு பத்து, அடுத்த கட்டத்தில். மூன்றாவது. 'திரும்பு' என்று ஒரு வரியும் இல்லாததால் வைத்த சீட்டை எடுக்க யாரும் வரவில்லை. ஏழு, எட்டு. "அட, வாங்கிப்போட்டுட்டு ஒருத்தரும் திருப்பித் தரமாட்டேங்கறாங்களே" என்று முணுமுணுத்தார். பன்னிரண்டு. பதின்மூன்றாம் சீட்டை எடுத்தபோது கை நின்றது.

"வைங்கக்கா. சில்லு யோசிக்காது."

தண்ணீர் அளவு இருந்த கட்டத்தின் மேல் சீட்டை வைத்தார்.

"இப்ப தண்ணி அளவு என்ன?"

"பத்து."

"யாரு மாத்துனா?"

"யாரும் மாத்துலீங்க. சீட்டு வந்து மேல உக்காந்துக்கிச்சு."

பொன்னாத்தா பேனாவைக் கீழே வைத்தாள். "பாடம் முடிஞ்சுது" என்று சொல்லிவிட்டு டீ மேடைக்குப் போய் மறுபடி முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

பிறகு வர்ஷினியக்கா கட்டை இழுத்து, முதல் பக்கத்தைப் புரட்டினார். நிமிடத்துக்கு ஒரு தரம் ஓடும் முதன்மைச் சுற்று அங்கேதான் இருந்தது. அதன் கடைசி வரி நாற்பத்தேழு. 'போய்வா 1'. அடுத்த வரி நாற்பத்தெட்டு. அந்த வரியில் ஒன்றுமே எழுதியிருக்கவில்லை. யாரும் ஒருநாளும் வந்து சேராத வரி.

"அண்ணா, சீட்டு அடுக்கு எந்தக் கதவு நம்பர்ல ஆரம்பிக்குதுன்னு பாருங்க. மருந்து அளவு எந்த நம்பர்லன்னும் பாருங்க."

கவின்ராஜ் விரல் விட்டுப் பார்த்தார். "நடுவுல ரெண்டாயிரத்து நானூறு கட்டமுங்க."

"நிமிசத்துக்கு ஒண்ணு."

"அறுபதால வகுத்தா..." கவின்ராஜ் வகுக்கவில்லை. ஆறு பேருமே வகுக்காமல் கூடத்தின் கோடியைப் பார்த்தார்கள். சடையப்பன் வழக்கம் போலத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். முழி சரியில்லாதவன் இல்லை, ஆறு மாதமாகத் தூங்காதவன் என்று இப்போது பார்த்தால் பச்சைக் குழந்தைக்கும் தெரியும்.

தப்பு இயந்திரத்தின் மேல் என்று ஆறு பேரும் கையெழுத்துப் போட்டார்கள்.

இயந்திரம் செய்த கம்பெனி சும்மா இருக்குமா? ஒன்பதாம் நாள் பாடம் நடந்ததை அவர்களுடைய வக்கீல் மோப்பம் பிடித்துவிட்டார். ஆசிரியை ஆதாரத்தைப் பற்றி ஜாடை காட்டியிருக்கிறார், அவையைக் கலைக்க வேண்டும் என்று மனு. சாட்சிக் கூண்டில் ஏற்ற, ஆறு பேரில் அதிகம் பேசக் கூடியவர் யார் என்று விசாரித்திருக்கிறார். ஊரே ஒரு பெயரைச் சொல்லியிருக்கிறது.

"உண்மைய மட்டும் சொல்லுங்கம்மா. ஆதாரத்தைப் பத்தி டீச்சர் ஒரு வார்த்தையாவது சொன்னாங்களா?"

"ஒரு வார்த்தைகூடச் சொல்லலீங்க."

"வார்த்தை வேண்டாம். ஜாடை? முகத்துல ஏதாவது மாற்றம்?"

வர்ஷினியக்கா கூண்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு வசதியாக நின்றார்.

"மொகம்னு கேட்டீங்களே, நல்ல கேள்விங்க. மொத நாளு நீலக் காட்டன் சேலை. அன்னைக்கு மொகம் நல்லாத்தான் இருந்துச்சு. ரெண்டாம் நாளு கொஞ்சம் வாட்டம், ஏன்னு கேட்டா பல்வலியாமா. நாங்கூட கெராம்பு வைங்கன்னேன். மூணாம் நாளு நம்ம கவின்ராஜண்ணன் தூங்கி மேசையில முட்டிக்கிட்டாரு, அப்ப ஒரு மாதிரிப் போச்சு. நாலாம் நாளு கரண்ட்டு இல்ல..."

பதினோராம் நாள் சேலைக்கு வருவதற்குள் நீதிபதி கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டார். வக்கீல் இரண்டு தரம் குறுக்கிட்டார். "நீங்கதானுங்க உண்மைய முழுசாக் கேட்டீங்க" என்று அக்கா விட்ட இடத்திலிருந்து பிடித்துக்கொண்டார். இருபத்தொன்பது நாள், இருபத்தொன்பது சேலை, பல்வலி, பஸ் தாமதம், டீயில் சர்க்கரை அதிகம் போட்ட கதை எல்லாம் வந்தது. ஒரு மாலை பாதி வழியில் நின்ற தம்ளர் மட்டும் வரவில்லை. அவ்வளவு பெரிய குப்பைமேட்டில் அது இல்லாததை யார் கண்டார்கள்?

"போதும்மா" என்றார் நீதிபதி. மனு தள்ளுபடி. சடையப்பன் அன்றே விடுவிக்கப்பட்டான். அவன் அம்மா வாசலிலேயே உட்கார்ந்து அழுதார். இவன் அவர் தலைக்கு மேல் வெயில் படாமல் மறைத்துக்கொண்டு நின்றான். அவன் குற்றவாளி என்று நூற்றுப்பன்னிரண்டு வீட்டுக்கும் சொல்ல ஒரு மாலை போதுமாக இருந்தது. இல்லை என்று சொல்ல வர்ஷினியக்காவுக்கு ஒன்றரை மாதம் ஆனது. இ பிளாக்கில் இன்னும் இரண்டு வீடு நம்பவில்லை.

விடுதலையான அன்று நீதிமன்றப் படியில் பொன்னாத்தா நின்றுகொண்டிருந்தாள். வாழ்த்து வாங்க நிற்பவள் போல இல்லை.

"என்னுங்க டீச்சர், செயிச்சாச்சு. இன்னும் எதுக்கு இந்த மொகம்?"

"எந்திரம் எதுக்கு நம்ம மாதிரியே எழுதுச்சுன்னு யோசிச்சீங்களாக்கா?"

யோசித்திருந்தார். பத்து நாளாக அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தார். ஆனால் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு சேதியைக் கேட்டுத் தெரிந்துகொள்ள அவருக்குப் பயமாக இருந்தது.

"ஆறு வருசத்துக்கு முந்தி நான் நடத்துன மொத வகுப்பு. அவங்களும் போன்னு எழுத மாட்டேன்னாங்க. சிரிச்சுக்கிட்டே சரி போட்டேன். அதுக்கப்பறம் வந்த ஒவ்வொரு வகுப்புலயும் போட்டேன். சாமானியர் எழுதுன நோட்டெல்லாம் எல்லாரும் பாக்கற மாதிரி அவையில வச்சுருவாங்க. சாமானியருக்குப் புரியற மாதிரி எழுதுன்னு சட்டம் வந்தப்ப, எந்திரங்க எதப் பாத்துப் படிச்சிருக்கும்? நான் சரி போட்டதத்தான்."

"அதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க? படிக்க வச்ச கம்பெனிதான பாத்திருக்கோணும்."

"அவங்களும் பாத்திருக்கோணும். நானும் பாத்திருக்கோணும். ஒருத்தரு செத்துருக்காருங்கக்கா." சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அந்த நோட்டுகளப் பாத்துப் படிச்சது மருந்து எந்திரம் ஒண்ணு மட்டுமா இருக்காது. லிஃப்ட் இருக்கும், ரயில் கேட் இருக்கும். இப்பவே போயி அவையில எழுதிக் குடுக்கப் போறேன்."

"வேலை போயிருமுங்களே. கேஸும் போடுவாங்க."

"போடுவாங்க. எனக்கும் ஆறு பேரக் குலுக்கி எடுப்பாங்க."

வர்ஷினியக்கா அவளை மேலும் கீழும் பார்த்தார். பிறகு கையைத் தட்டி ஒரு ஆட்டோவை நிறுத்தினார்.

"ஏறுங்க. நானும் வரேன்."

"நீங்க எதுக்குக்கா?"

"நீங்க எழுதுனா ரெண்டு வரியில முடிச்சுருவீங்க. எல்லாத் தப்பும் உங்க தலையிலயே வந்து நிக்கும். போன்னு எழுத மாட்டேன்னு அடம் புடிச்சது யாரு, சிரிச்சது யாரு, நோட்டத் தூக்கி வெளிய வச்சது யாரு, அதப் பாக்காம எடுத்தது யாரு, இதெல்லாம் வரிசையா, ஒருத்தரும் விட்டுப் போகாமச் சொல்றதுக்கு ஒரு ஆளு வேணுமில்ல?" உள்ளே நகர்ந்து இடம் விட்டார். "மொதல்ல எம்பேர எழுதுங்க. இனிஷியல் கே. எங்கப்பா பேரு கேசவமூர்த்தி. அவரு கதை தெரியுமா உங்களுக்கு?"

ஆட்டோ கிளம்பியது. அவை அலுவலகம் போய்ச் சேருவதற்குள் ஆட்டோக்காரருக்கும் முழு வழக்கும் தெரிந்துவிட்டது.